பதினேழாவது சுற்று

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர்களுக்குக் காலை பத்து மணிக்கு மேல் காது இருந்தும் பயனில்லை. கீழே ஒவ்வொரு ஜாராகக் காலியாக ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கோகிலவாணி ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடியோடு அணைத்தாள். படம் மட்டும் ஓடியது.

"கரெக்ட் மேடம்," என்றான் பாலு. "நாப்பது வாட்டி கேட்டாச்சு. நாப்பத்தொண்ணாவது வாட்டியாவது அந்தப் பொண்ணு வாயை மாத்திச் சொல்லுமான்னு பாத்தேன். ஊஹூம்."

பாலுவுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருஷம் பெருங்களத்தூரிலும் பீர்க்கன்கரணையிலும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி கேபிள் டிவி ஒயர் இழுத்தவன். அந்தத் தொழில் படுத்ததும் கோகிலவாணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். ஆள்தான் கீழே இறங்கியிருந்தான். வாய் இன்னும் மொட்டை மாடியிலேயே இருந்தது.

கோகிலவாணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டித் தோண்டி இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். சிரித்துப் பேசுகிறவர்களைவிடப் பேசாமல் இருப்பவர்களைத்தான் அவள் அதிகம் கவனிப்பாள். இந்தக் கேஸை எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

ஐந்து வாரத்துக்கு முன் இடைத்தேர்தல் வாக்கு எண்ணிக்கை. மொத்தம் இருபத்தொரு சுற்று. பதினேழாவது சுற்று முடிந்தபோது, மணி பன்னிரண்டு பத்துக்கு, வேட்பாளர் முகிலன் வென்றுவிட்டதாக ஒரு டெல்லி சேனல் அறிவித்தது. அந்தத் துண்டுப் படம் அஞ்சு நிமிஷத்தில் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. பெருங்களத்தூர் பக்கம் முகிலன் ஆட்கள் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். எதிர்க்கோஷ்டி கல்லை எடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்த அந்தோணிசாமி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஃபிட்டர், எந்தக் கட்சியிலும் இல்லாதவன், நெற்றியில் கல் வாங்கி விழுந்தான். மூன்றாம் நாள் செத்துப்போனான். இதில் முகிலன் ஜெயிக்கவும் இல்லை. கடைசிச் சுற்றில் ராஜகோபால் இருநூற்றுப் பதினோரு ஓட்டில் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தோணிசாமியின் மனைவி ரத்தினபாய் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது கோகிலவாணிக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது.

"டெல்லிக்காரங்களைக் கேட்டா, நாங்க முற்றம் டிவி குடுத்ததைத்தான் போட்டோம்ங்கிறாங்க. முற்றம் டிவியைக் கேட்டா, எங்க நிருபர் ஜெரூஷா அவசரப்பட்டுடுச்சுங்கிறாங்க. அந்தப் பொண்ணு ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, போலீஸ் கேஸ் போட்டுட்டாங்க, அப்பவும் வாயத் திறக்கல. அது ஏன் பேச மாட்டேங்குதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்."

"பாலு, இந்த ரெண்டு சேனலும் எப்படிப் பங்கு போட்டுக்கறாங்க? இன்னொரு தடவை சொல்லு."

"ஒரே சாம்பார், ரெண்டு பந்தி மேடம். முற்றம் டிவிக்கு ஊரு பூரா கேமரா கீது. டெல்லிக்காரனுக்கு நாடு பூரா பேரு கீது. எலெக்‌ஷன்னா இவன் படத்தைக் குடுப்பான், அவன் வாங்கிப் போடுவான். ஆனா தமிழ்க் குரல் அவனுக்கு எதுக்கு? அத்த அமுக்கிட்டு, அங்க ஏசி ரூம்ல கோட்டு போட்டுக்கினு குந்திகினு கீற ஆளு பேசுவாரு."

"அப்போ டெல்லி சேனல் பார்த்தவங்க யாரும் ஜெரூஷா குரலைக் கேட்கவே இல்லை."

"மூஞ்சியத்தான் பாத்தாங்க. குரல் இருந்தது முற்றம் டிவியில மட்டும். யூடியூப்ல அன்னிக்கு இருந்துச்சு, ரெண்டே நாள்ல தூக்கிட்டாங்க. இப்போ மிச்சம் கீறது அவங்க போலீசுக்குக் குடுத்த இந்தக் காப்பிதான்."

"ஜனங்க யாராவது போன்ல பிடிச்சு வெச்சிருப்பாங்களே?"

"நெஜமாவே ஜெயிச்சுட்டான்னு சொல்லியிருந்தா புடிச்சிருப்பான். இன்னும் எண்ணிக்கினு கீறாங்கன்னு சொல்லியிருந்தா எவன் மேடம் புடிப்பான்?"

அந்தக் காப்பியில் ஜெரூஷாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது: 'பதினேழாவது சுற்று முடிவில் ஆயிரத்து நாற்பத்தாறு வாக்குகள் வித்தியாசத்தில் முகிலன் வெற்றி பெற்றுவிட்டார்.' அது அவள் குரல்தான், கம்ப்யூட்டர் போட்ட குரல் இல்லை என்று போலீஸ் கேட்டு தடயவியல் ஆய்வகமும் எழுதிக் கொடுத்திருந்தது. பஞ்சு உறை போட்ட பெரிய மைக் வாயை மறைத்ததால் உதட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

கோகிலவாணி சத்தமில்லாத படத்தை மூன்று இருபதுக்கு ஓட்டினாள். ராஜகோபால் வென்றதை ஜெரூஷா அறிவிக்கும் இடம். பிறகு மறுபடி பன்னிரண்டு பத்து. திரும்ப மூன்று இருபது.

"பாலு, அந்தப் பொண்ணைப் பார்க்காதே. கீழே, வலது மூலையைப் பார்."

மூலையில் தபால் தலை அளவுக்கு ஒரு பெட்டி. அதில் காது கேளாதவர்களுக்காகச் சைகையில் செய்தி சொல்லும் பெண். மூன்று இருபதுக்கு அவள் மூடிய கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். பன்னிரண்டு பத்துக்கு அந்தக் கை உயரவே இல்லை. ஒரு கையை இன்னொரு கைக்கு முன்னால் நகர்த்தினாள். அப்புறம் ஏதோ விரல்கள். கடைசியில் உள்ளங்கையை இல்லை என்பதுபோல் அசைத்தாள்.

பாலு டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். "வாய்க்கு மேக்கப் போட்டவன் கையை மறந்துட்டான்," என்றான் பிறகு.

மத்தியானத்துக்குள் அந்தச் சைகைப் பெண்ணின் விலாசம் கிடைத்துவிட்டது. பெயர் ஞானஜோதி. செம்பாக்கம் ஏரிப் பக்கம், ஒரு அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. கூடத்தில் வயதான தம்பதி எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சத்தமும் இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அம்மா," என்றாள் ஞானஜோதி. "ரெண்டு பேருக்குமே பிறவியிலேர்ந்து காது கேக்காது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினது யாருன்னு தகராறு. உக்காருங்க மேடம்."

பாலு லேப்டாப்பைத் திறந்து, சத்தம் இல்லாமல் ஓட்டினான். ஞானஜோதியின் கைகள் மடியில் தாமாகவே லேசாக அசைந்தன.

"படிச்சுச் சொல்லுங்க," என்றாள் கோகிலவாணி.

"பதினேழாவது சுற்று. ஆயிரத்து அறுபத்து நாலு ஓட்டு. முகிலன் முன்னிலை. இன்னும் நாலு சுற்று பாக்கி. இது முடிவு இல்லை."

"எவ்வளவு ஓட்டு?"

"ஆயிரத்து அறுபத்து நாலு."

"நாற்பத்தாறா இருக்குமோ? அவசரத்தில்..."

"எண்ணுல நான் தப்பு பண்ண மாட்டேன் மேடம். காதுல விழுந்ததுதான் கையில வரும். ஜெரூஷா அறுபத்து நாலுன்னுதான் சொன்னா."

பாலு சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினான். 'வெற்றி பெற்றுவிட்டார்' என்றது குரல். ஞானஜோதியின் முகம் வெளுத்தது. ஆனால் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் கோகிலவாணி.

"அன்னிக்கு அவ வெற்றின்னு சொல்லலைன்னு தெரியும். போலீசுக்கு இப்படி ஒரு காப்பி போயிருக்குன்னு தெரியாது. யாரும் என்னை வந்து கேக்கல. அந்த மூலைப் பெட்டியை யார் பார்க்கறாங்க? நானா போய்ச் சொல்லியிருக்கணும். மாசத்துல நாலு நாள் கூப்பிடற ஒப்பந்த வேலை மேடம். அதுவும் போயிடும்னு இருந்துட்டேன்." அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு மத்தியானம் பட்டாசு வெடிச்சப்போ அப்பா ஜன்னல்ல புகையைப் பார்த்துட்டு, 'இன்னும் முடியலையே, எதுக்கு வெடிக்கறாங்க'ன்னு அம்மாகிட்ட கேட்டாராம். இந்த ஊர்ல அன்னிக்குச் சரியான செய்தி தெரிஞ்சிருந்தது இவங்க ரெண்டு பேருக்குத்தான்."

மகள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கவனித்த கிழவர் கையை அசைத்து ஏதோ கேட்டார்.

"கோர்ட்டுக்கு வராராம். 'செவிடன் சாட்சி எடுபடுமா'ன்னு கேக்கறார்."

"காது கேக்கறவங்க சாட்சிதான் இப்போ அங்க நாறிக்கினு கீதுன்னு சொல்லுங்க," என்றான் பாலு.

கிளம்பும்போது ஞானஜோதி இன்னொன்றும் சொன்னாள். எண்ணிக்கை நாளில் காலை ஆறரைக்கே நிருபர்களை இரண்டு வேட்பாளருக்கும் 'வெற்றி' வாக்கியத்தைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்களாம். யார் ஜெயித்தாலும் உடனே போடுவதற்காக.

வண்டியை எடுக்கும்போது பாலு சீட்டியடித்தான். "முடிஞ்சுது மேடம். காலைல பேசின துண்டை வெட்டி மத்தியானத்துல ஒட்டிட்டானுங்க. தப்பா சொன்னவன் டெல்லிக்காரன். அவன் மானத்தைக் காப்பாத்த இவனுங்க பொண்ணு வாயில வார்த்தையைத் திணிச்சுட்டானுங்க. பாவம் அந்தப் பொண்ணு."

ஏரிக்கரை தாண்டி வேளச்சேரி சாலை திருப்பத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த கோகிலவாணி அவன் தோளைத் தட்டினாள். "ஓரங்கட்டு."

"இன்னா மேடம்?"

"காலை ஆறரைக்குப் பேசின குரலுக்குப் பதினேழாவது சுற்று, ஆயிரத்து நாற்பத்தாறுன்னு எப்படித் தெரியும்?"

"கிளி ஜோசியம் பாத்திருக்கும்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்ததும் பாலு யோசித்தான். "முன்பாதி நேரலையில சொன்னது, பின்பாதி காலைல சொன்னது. ரெண்டையும் ஒட்டியிருப்பானுங்க."

"நேரலையில் சொன்னது அறுபத்து நாலு. அது தப்பான எண். தேர்தல் அதிகாரி ஒட்டின தாளில் நாற்பத்தாறு. நானே பார்த்தேன். பொய் சொல்ற குரல் மட்டும் கணக்கைச் சரியா சொல்லுது பாலு. நேரலையும் இல்லை, காலைப் பதிவும் இல்லை. மூணாவதா ஒரு தடவை, அந்தத் தாளைக் கையில் வெச்சுக்கிட்டு, அவளே பேசியிருக்கா."

"அவளேவா?"

"அதனால்தான் வாயைத் திறக்கல. அவளை மாட்டிவிட்டிருந்தா ஊரைக் கூட்டியிருப்பாளே."

பாலு அதற்கப்புறம் பீர்க்கன்கரணை வரும்வரை ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

கதவைத் திறந்தவர் ஜெரூஷாவின் அப்பா சுவிசேஷமுத்து. ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர்கள் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் மாடிப்படியைக் காட்டினார். ஐந்து வாரமாக அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் நல்லதுக்கு வரவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மொட்டை மாடியில் ஜெரூஷா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். டிவியில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

"ஆயிரத்து அறுபத்து நாலு," என்றாள் கோகிலவாணி.

"நாற்பத்தாறு," என்றாள் ஜெரூஷா, திரும்பாமலே. "ஒலிபெருக்கியில அறுபத்து நாலுன்னுதான் கேட்டுது. அப்புறம் தாளைப் பார்த்துத்தான்..." அவள் கையிலிருந்த கிளிப் நின்றது.

"தாளை யாரும்மா காட்டினாங்க?"

ஜெரூஷா ஈரத் துணியைக் கயிற்றில் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"சம்பந்தம் சார். எங்க நியூஸ் ஹெட்," என்றாள் கடைசியில். "எண்ணிக்கைக்கு மறுநாள் கூப்பிட்டார். எனக்குப் பின்னாடி முகிலன் ஆளுங்க ஆடிக்கிட்டிருந்தாங்க மேடம், அதைப் பார்த்துட்டு டெல்லியில ஜெயிச்சுட்டார்னு போட்டுட்டாங்க. ஆனா அவங்க பேர் கெடக்கூடாதாம். தப்பு நம்ம பக்கத்துலன்னு இருந்தா ஒப்பந்தம் நிக்கும், இல்லைன்னா முற்றம் டிவியை மூட வேண்டியதுதான், அறுபது குடும்பம்மா, ஒரே ஒரு வாக்கியம்தான்மான்னார். கேஸை அவங்க வக்கீல் பார்த்துப்பாங்க, ஆறு மாசம் பொறு, டெல்லி சேனல்லயே உனக்கு வேலைன்னார்."

"நீயும் பேசினே."

"பேசினேன். நாலு வருஷம் எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னேன், ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது." அவள் குரல் தணிந்தது. "எழுதிக் குடுத்ததுல அறுபத்து நாலுன்னு இருந்துது. நான்தான் அதிகாரியோட தாளைக் கேட்டு வாங்கித் திருத்தினேன். பொய் சொல்றப்போ கூட எண்ணைத் தப்பா சொல்ல மனசு வரல."

"அந்தோணிசாமி?"

"அப்போ அவர் ஆஸ்பத்திரியில இருந்தார். பிழைச்சுடுவார்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மறுநாள் காலையில அவர் போயிட்டார். அதுக்குள்ள என் குரல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயாச்சு." அவள் கீழே சாலையைப் பார்த்தாள். "இன்னும் நாலே முக்கால் மாசம். அப்புறம் நான் டெல்லிக்குப் போயிடுவேன்."

கோகிலவாணி பாலுவைப் பார்த்தாள். அவன் செருப்பின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நானே சொல்லிடறேன்மா," என்றான். "போன திங்கக்கெழமையிலேர்ந்து டெல்லி சேனல்ல தமிழ்நாட்டுப் படம் வந்தா கீழ வேற சேனல் பேரு ஓடுது. இவங்க ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. கேபிள்ல கீற பழைய கூட்டாளிங்களையும் கேட்டுட்டேன். முற்றம் டிவியில பாதிப் பேர அனுப்பிட்டாங்க."

ஜெரூஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்பந்தம் சார் நேத்துகூட போன் பண்ணினாரே."

"இன்னா சொன்னாரு?"

"பொறுமையா இருன்னார்."

ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் துணிகள் படபடத்தன.

"நான் உன்னை ஏமாத்த மாட்டேன்," என்றாள் கோகிலவாணி. "இதையெல்லாம் எழுதிக் கொடுத்தா, வதந்தி பரப்பின கேஸ் நிக்காது. ஆனா பொய்ச் சாட்சியம் தயார் பண்ணின கேஸ் வரும். அது இதைவிடப் பெரிசு. சம்பந்தமும் உன்கூட நிப்பார். டெல்லிக்காரங்க நிக்க மாட்டாங்க, வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி ஓட விட்டுட்டுப் போயிடுவாங்க."

படிக்கட்டில் சத்தம் கேட்டது. சுவிசேஷமுத்து அங்கேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தன.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா விட்டிருக்க மாட்டீங்கப்பா."

அவர் நோட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். ஜெரூஷா நின்றபடியே எழுதினாள். மூன்று பக்கம். எண்களை எழுத்தாலும் எழுதினாள்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நாலு மணிக்கு டீ நேரம். தான் வேலை பார்க்கும் பேக்கிங் யூனிட் வாசலில், வேப்பமரத்தடியில் ரத்தினபாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் நிதானமாக வாசித்துக் காட்டினாள். பக்கத்துப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்துகளின் இரைச்சலில் சில வரிகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ரத்தினபாய் டீயைத் தொடவில்லை. "டெல்லியில உக்காந்து ஜெயிச்சுட்டார்னு சொன்னாரே, அவரு இப்போ எங்க?"

"அங்கேயேதான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வரார்."

"அவருக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா?"

"பெருங்களத்தூர்னு ஒரு ஊர் இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

ரத்தினபாய் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அது ஐந்து வாரத்தில் தீர்ந்துபோயிருக்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் மேடம். அவரை அடக்கம் பண்ணின மறுநாள் நான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அது வெளிய வந்து நின்னுச்சு. செருப்பைக் கழட்டி வீசினேன். கன்னத்துல பட்டுச்சு. அது குனிஞ்சு எடுத்து, என் கால்கிட்ட கொண்டாந்து, இன்னொரு செருப்போட ஜோடி சேத்து வெச்சுட்டு உள்ள போயிருச்சு."

பாலு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. தப்பு பண்ணினவ இப்படி நிக்க மாட்டாளேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்." அவள் கோகிலவாணியின் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "அப்பவாவது 'நான் சொல்லலக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? டெல்லி வேலைக்காக என் செருப்பைக்கூட வாங்கிக்கிச்சே."

கோகிலவாணி தாள்களை மடித்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பொய்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பிடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்களின் முகத்தை மட்டும் அவளால் என்றைக்கும் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

"இதைக் கோர்ட்டுல குடுத்துடவா?" என்று கேட்டாள்.

"குடுங்க. எல்லாரும் நிக்கட்டும்." ரத்தினபாய் எழுந்தாள். "அதுகிட்ட நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் போய்ச் சொல்லிடாதீங்க மேடம். நான் மன்னிக்கல. என்னை மன்னிக்கச் சொல்லியும் கேக்காதீங்க."

சங்கு ஊதியது. அவள் ஆறிப்போன டீயைக் கீழே கொட்டி, டம்ளரைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே போனாள்.